அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து குவியும் பயிற்சி, தங்குமிட அறிவிப்புகள்: எதை இப்போதே செய்ய வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு பதிலுக்கு வருகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றில் வேதியியல் பிஎச்டிக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேர்கிறேன் என்று ஏப்ரலில் பதில் போட்டதிலிருந்து தினமும் ஏழெட்டு மெயில். பாதி ‘இந்தப் பயிற்சியை முடியுங்கள்’ என்கிறது, பாதி ‘தங்குமிடத்துக்கு விண்ணப்பியுங்கள்’ என்கிறது. எதை இங்கிருந்தே செய்ய வேண்டும், எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தெரியவில்லை. கூடவே, அம்மா கேட்கச் சொன்னது: குக்கர் கொண்டு போகலாமா?

நான் பிஎச்டி படித்தது வேறொரு மாநிலத்தில். சில ஆண்டுகளாக கலிஃபோர்னியாவில் ஒரு வேதியியல் லேபை நிர்வகிக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்கிறாரா என்று பார்த்த பிறகு லேப் சாவி கொடுப்பது என் பொறுப்பு. அதனால் நீங்கள் கேட்ட இரண்டில் ஒன்று என் அன்றாட வேலை, இன்னொன்று நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் தங்குமிடம், ஏனென்றால் அதற்குத்தான் நாள் கடந்தால் மறு வாய்ப்பு கிடையாது. ஒரு பயிற்சி வகுப்பை விட்டால் அடுத்த வாரமோ அடுத்த மாதமோ இன்னொன்று நடக்கும். வளாகத்துக்குள் இருக்கும் ஒரு கட்டிலை விட்டுவிட்டால் அது அந்த நிமிடமே வெயிட்லிஸ்டில் உங்களுக்கு அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். என்ன ஆனது என்று கேட்க யாரும் உங்களுக்கு போன் செய்யமாட்டார்கள்.

எனக்கு அது நடந்தது. ஜூன் மாதம், சித்தி மகள் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு மாயவரம் போயிருந்தோம். மூன்று நாள் மண்டபம், விருந்து, கோயில் என்று போனது. மெயில் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி மடிக்கணினியைத் திறந்தால், ‘உங்களுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம், 72 மணி நேரத்துக்குள் முன்பணம் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும்’ என்று ஒரு மெயில். கெடு முடிந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. உடனே எழுதினேன், கெஞ்சி எழுதினேன். மறுநாள் வந்த பதிலில் வெயிட்லிஸ்டின் கடைசியில் சேர்த்திருப்பதாக இருந்தது. அந்த ஆகஸ்டில் முன்பின் தெரியாத ஒரு தஞ்சாவூர்க் குடும்பத்தின் கூடத்து சோபாவில் மூன்று வாரம் தூங்கி, பகலில் வகுப்புக்கும் மாலையில் வீடு பார்க்கவும் அலைந்தேன். அவர்கள் காட்டிய அன்பை இன்றும் மறக்கவில்லை. ஆனால் பிஎச்டியின் முதல் மாதம் அப்படிக் கழிய வேண்டியதில்லை.

அதனால் தங்குமிட மெயில் எது வந்தாலும், அழகான கட்டடப் படங்களையெல்லாம் தாண்டிப் போய் முதலில் தேதிகளைத் தேடுங்கள். விண்ணப்பம் என்றைக்கு மூடுகிறது, ஒதுக்கீடு விண்ணப்பித்த வரிசைப்படியா குலுக்கலா, ஒதுக்கீடு வந்தால் எத்தனை மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். வரிசைப்படி என்றால் விண்ணப்பம் திறந்த அன்றே போடுங்கள். குலுக்கல் என்றால் கெடுவுக்குள் எப்போது போட்டாலும் ஒன்றுதான், ஆனால் எத்தனை விருப்பங்கள் குறிக்க விடுகிறார்களோ அத்தனையையும் குறியுங்கள். தனி ஸ்டுடியோ மட்டும்தான் வேண்டும் என்று ஒன்றே ஒன்றைக் குறித்துவிட்டு ஒன்றுமே கிடைக்காமல் போனவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

மணிக்கணக்கிலும் கவனம் வேண்டும். கோடையில் கலிஃபோர்னியா நம் நேரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும். 15ஆம் தேதி மாலை 5 மணி என்று போட்டிருந்தால் நமக்கு அது 16ஆம் தேதி காலை ஐந்தரை. விடிந்ததும் பார்க்கலாம் என்று படுத்தால் விடிவதற்குள் கதவு மூடியிருக்கும். முன்பணத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லுபடியாகும் கார்டில் கட்டச் சொல்வார்கள். நம் வங்கிகளின் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே திறந்து வைக்க வேண்டும், உச்சவரம்பும் இருக்கும். அதை இந்த வாரமே சரிபார்த்துவிடுங்கள்.

வளாகத்துக்குள் இடம் கிடைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று தோன்றலாம், வெளியே சற்று மலிவாகக்கூடக் கிடைக்குமே என்று. வெளியே வீட்டுக்காரர்கள் பலர் வாடகையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு மாத வருமானம் காட்டச் சொல்வார்கள். கிரெடிட் ஸ்கோர் கேட்பார்கள். இரண்டும் இல்லாவிட்டால் அமெரிக்காவில் வருமானம் உள்ள ஒருவரை ஜாமீனுக்குக் கேட்பார்கள். விமானத்திலிருந்து இறங்கிய மாணவியிடம் இதில் எது இருக்கும்? பல்கலைக்கழகத் தங்குமிடம் இவை எதையும் கேட்காது. இன்னொன்று, அங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் தனி, அதாவது உங்கள் கட்டிலுக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு. வெளியே நான்கு பேர் சேர்ந்து வீடெடுத்தால் லீஸில் வழக்கமாகக் கூட்டுப் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். ஒரு ரூம்மேட் வாடகை தராமல் கிளம்பிப் போனாலும் முழு வாடகையையும் மீதி மூன்று பேரிடம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. கையெழுத்திடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் மாணவர்களுக்கு வீடு கிடைப்பது இன்று நேற்றைய பிரச்சினை அல்ல. 2022 நவம்பர் 14 அன்று இந்தப் பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும் சுமார் 48,000 பேர், ஆராய்ச்சி மாணவர்கள், பாடம் எடுக்கும் மாணவர்கள், பிஎச்டி முடித்துவிட்டு ஆராய்ச்சியைத் தொடரும் போஸ்ட்டாக்குகள் எல்லோரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டிசம்பர் கடைசி வரை அது நீடித்தது. பல்கலைக்கழகம் மாதாமாதம் தரும் ஸ்டைபண்டில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடுகிறது என்பதுதான் அவர்களுடைய முதன்மையான குறை. நீங்கள் வாங்கப்போகும் ஸ்டைபண்ட் இந்த அளவுக்கு உயர்ந்ததற்கு அந்த ஆறு வாரங்களில் வெயிலிலும் மழையிலும் நின்றவர்கள் காரணம். சான்டா பார்பரா வளாகத்தில் ஏறத்தாழ 4,500 பேருக்கு ஒரே கட்டடம் என்று ஒரு திட்டம் வந்தது. சார்லி மங்கர் என்ற பெரும் பணக்காரர் நன்கொடை தருவதாகவும், கட்டடம் தான் வரைந்தபடியே அமைய வேண்டும் என்றும் சொன்னார். பெரும்பாலான படுக்கையறைகளுக்கு ஜன்னலே கிடையாது. 2021இல் வளாகத்துக்கு ஆலோசனை சொல்லி வந்த கட்டடக் கலைஞர் அதை ஏற்க முடியாது என்று விலகினார், 2023இல் திட்டம் கைவிடப்பட்டது. படுக்கைப் பற்றாக்குறை எந்த அளவுக்கு இருந்தால் ஜன்னலில்லாத அறையை அத்தனை பேருக்குக் கட்டலாம் என்ற யோசனை அவ்வளவு தூரம் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வளாகத்துக்குள் கிடைக்காவிட்டால் நல்ல மாற்று, மாணவர் கூட்டுறவு இல்லங்கள். பெர்க்லியில் 1933இலிருந்து இயங்கும் ஒன்று இருக்கிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதன் வீடுகளில் தங்குகிறார்கள். வாரத்துக்குச் சில மணி நேரம் சமையல், பாத்திரம், துப்புரவு என்று ஏதாவது ஒரு வேலையை எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வதால் செலவு குறைகிறது. சத்தமும் கூட்டமும் இருக்கும். தனிமை வேண்டுபவர்களுக்குச் சரிவராது, புது ஊரில் ஆட்களைத் தெரிந்துகொள்ள விரும்பினால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தனியார் வீடு என்றால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, ஓரிரு வீடு மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு மட்டும் இரண்டு மாதம் வரை விலக்கு. வீட்டைக் காலி செய்த 21 நாளுக்குள் டெபாசிட்டையோ, எதற்காகப் பிடித்தார்கள் என்ற கணக்கையோ தந்தாக வேண்டும். சாவி வாங்கிய அன்றே சுவர், தரை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் போனில் படமெடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிவையுங்கள். அடுத்தது மோசடி. ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று எழுதுகிறவர் திருடர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டை நேரில் பார்க்காமல், உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அனுப்பியாவது பார்க்காமல், ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்னால்தான் உள்ளே நுழைய முடியும். தங்குமிட ஒப்பந்தம் தொடங்கும் நாள் அதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். பெர்க்லியில் ஆகஸ்ட் கடைசியிலேயே வகுப்பு தொடங்கிவிடும், லாஸ் ஏஞ்சலஸிலும் சான் டியேகோவிலும் செப்டம்பர் கடைசியில். முதல் ஸ்டைபண்ட் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு, இரண்டு மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் எடுத்து வாருங்கள்.

இனி பயிற்சி வகுப்புகள். உங்கள் கேள்வியில் ஒரு வரி இருந்தது: ‘சீனியர் ஒருவர் இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி, கிளிக் பண்ணிக்கொண்டே போய்விடு என்றார்.’ அந்த சீனியரோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2008 டிசம்பர் 29, கிறிஸ்துமஸ் விடுமுறை நேரம். லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தின் வேதியியல் லேப் ஒன்றில் ஷெரி சாங்ஜி என்ற 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சில் இழுத்துக்கொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருள் அது. சிரிஞ்சின் தண்டு கழன்று வந்துவிட்டது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை, செயற்கை இழை ஸ்வெட்டர் அணிந்திருந்தார். நெருப்பு துணியில் பற்றி உடலில் உருகி ஒட்டியது. அவசரகால ஷவர் சில அடி தூரத்தில்தான் இருந்தது, அதன் அடியில் அவர் போய் நிற்கவில்லை. 18 நாள் கழித்து, 2009 ஜனவரி 16 அன்று, இறந்துபோனார். இந்த வேலைக்கான பயிற்சி அவருக்குத் தரப்பட்டதற்கு முறையான பதிவு இல்லை என்று மாநிலத் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த லேபின் பேராசிரியர் மீதும் பல்கலைக்கழக நிர்வாகக் குழு மீதும் குற்றவழக்கே தொடரப்பட்டது. 2012இல் நிர்வாகக் குழு செய்துகொண்ட உடன்பாட்டின்படி எல்லா வளாகங்களிலும் வேதியியல் லேப் பாதுகாப்பு நடைமுறைகள் மாற்றி அமைக்கப்பட்டன, ஷெரி பெயரில் ஒரு சட்டப் படிப்பு உதவித்தொகையும் ஏற்படுத்தப்பட்டது. அவர் சட்டம் படிக்க விரும்பியிருந்தார்.

உங்கள் இன்பாக்ஸில் ‘லேப் பாதுகாப்பு அடிப்படைகள்’ என்ற தலைப்பில் கிடக்கும் அந்த மெயில் அந்தப் பெண்ணின் மரணத்திலிருந்து வந்தது. அதை முடிக்காமல் லேபுக்குள் வேலை செய்ய முடியாது. ஒரு முறை முடித்தாலும் மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்ய வேண்டும். பொது வகுப்பைப் பெரும்பாலும் ஆன்லைனில் வைக்கிறார்கள், உங்கள் பல்கலைக்கழகக் கணக்கு திறந்துவிட்டால் ஊரிலிருந்தே முடிக்கலாம். தீயணைப்பான் பயன்படுத்துவது, வாயு சிலிண்டர், லேசர், உங்கள் லேபுக்கே உரிய பொருள்கள், இவற்றுக்கான பயிற்சி நேரில்தான். வந்த முதல் வாரத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள், செப்டம்பரில் வகுப்புகள் சட்டென்று நிரம்பிவிடும்.

என் லேபுக்குப் புதிதாக வருகிறவர்களை முதல் நாள் ஒன்று செய்யச் சொல்வேன். உங்கள் பெஞ்ச் முன்னால் நில்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கண்கழுவும் குழாய்வரை நடந்து போங்கள் என்பேன். முதல் தடவை எல்லோரும் ஸ்டூலில் இடித்துக்கொள்வார்கள், அலமாரிக் கதவைப் பிடித்துத் தடவுவார்கள். சென்ற ஆண்டு ஒரு பையன் நேரெதிர்த் திசையில் போய்க் குளிர்பதனப் பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றான். அமிலம் தெறித்தவருக்குக் கண் தெரியாது, பத்து வினாடிக்குள் அந்தக் குழாயை அடைய வேண்டும் என்பதுதான் அது எங்கே பொருத்தப்பட வேண்டும் என்பதற்கே விதி. பிறகு 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்க வைப்பேன். நான்கு நிமிடத்தில் போதும் என்று கையை எடுக்கத் தோன்றும். மூன்று தடவை நடந்த பிறகு கால் தானாகப் போகிறது. அதன் பிறகுதான் சாவி.

உடை பற்றி நம் ஊரிலிருந்து வரும் பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். லேபில் துப்பட்டா கிடையவே கிடையாது. பாலியஸ்டர் லெக்கிங்ஸ், நைலான் கலந்த டாப்ஸ் எல்லாம் தீயில் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி அப்படி ஒட்டாது. கணுக்கால்வரை மூடும் பருத்தி பேன்ட் நாலைந்து, மேல்புறம் முழுவதும் மூடிய ஷூ ஒரு ஜோடி எடுத்து வாருங்கள். லேப் கோட், பாதுகாப்புக் கண்ணாடி வாங்க வேண்டாம். பல்கலைக்கழகமே இலவசமாகத் தரும், தீப்பற்றும் பொருள்களோடு வேலை என்றால் தீயைத் தாங்கும் கோட் தனியாகத் தருவார்கள். அளவு சரியில்லை என்றால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். கை நீளமாகத் தொங்கும் கோட்டோடு ‘அட்ஜஸ்ட்’ செய்துகொள்வது நம் பழக்கம், இங்கே அது ஆபத்து.

ஆராய்ச்சி நெறிமுறை வகுப்பு இன்னொரு வகை. தேசிய சுகாதார நிறுவனங்களின் பயிற்சி நிதியில் இருப்பவர்களுக்குக் குறைந்தது எட்டு மணி நேரம், நான்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும் என்பது விதி. தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதிக்கும் 2010இலிருந்து இப்படியொரு கட்டாயம் உண்டு. எந்த நிதியில் இருக்கிறீர்கள் என்பது அட்வைசர், அதாவது உங்கள் ஆராய்ச்சி வழிகாட்டி, முடிவான பிறகே தெரியும் என்பதால், இதை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உட்காரும்போது மனதோடு உட்காருங்கள். கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும், லேப் நோட்டு யாருக்குச் சொந்தம், தரவை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் வெளிப்படையாகக் கேட்க இடம் கொடுக்கும் அறை அதுதான். அட்வைசரிடம் நேரடியாகக் கேட்கத் தயங்கும் கேள்விகள் இவை.

முதல் ஆண்டிலேயே பாடம் எடுக்கும் டிஏ வேலை இருந்தால், பேச்சு ஆங்கிலத் தேர்வு பற்றி ஓர் அறிவிப்பு வரும். லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் அதற்கு டாப் என்று பெயர். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தேறாவிட்டால் டிஏ வேலை கிடைக்காது, அந்தப் பருவத்தின் ஸ்டைபண்ட் அதில்தான் இருக்கும். உச்சரிப்பு மாற வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு கருத்தை வகுப்புக்குப் புரியும்படி விளக்கி, வருகிற கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆர்பிட்டல் என்றால் என்ன என்று கண்ணாடி முன் நின்று ஐந்து நிமிடம் தினமும் பேசிப் பழகுங்கள்.

பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, இணையப் பாதுகாப்பு, இவை ஆன்லைன் பயிற்சிகள், கெடுவுக்குள் முடித்துவிடுங்கள். பைத்தான் வகுப்பு, எழுத்துப் பட்டறை, தலைமைப் பண்பு முகாம் என்று வருபவை விருப்பத்துக்கு உரியவை. இந்த ஆண்டு அவற்றைத் திறக்காவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

குடியேறியதும் உங்கள் புது முகவரியைப் பத்து நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், விசா விதி அது. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் அப்படியே.

அம்மாவிடம் சொல்லுங்கள், குக்கர் தாராளமாகக் கொண்டு வரலாம், மூன்று லிட்டர் போதும், கூடவே ஒரு கேஸ்கட் உபரியாக. மிக்ஸி வேண்டாம், இங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் ஊர் மிக்ஸி ஓடாது. தாளிக்கும்போது அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறியை முதலில் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். காய்ந்த மிளகாய்ப் புகைக்கு அலாரம் அடித்தால் கட்டடம் முழுவதும் நடு இரவானாலும் இறங்கி வெளியே நிற்க வேண்டியிருக்கும். அதற்காகப் புகை உணர்வியைத் துணி போட்டு மூடாதீர்கள், ஒப்பந்தத்தையே ரத்து செய்யும் அளவுக்கான குற்றம் அது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும்.